கொழுப்பு கூடிய நோயாளிக்கு என்சிடி செவிலியர் ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய முடியும்?

கேட்டவர்: புதுப்பிரிவு

வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவைப் (என்சிடி) பார்க்கும் செவிலியர்களிடம் ஒரு கேள்வி. பி.பி., சுகர் இரண்டிலும் நம் வேலை என்னவென்று தெளிவாக இருக்கிறது. அளக்கிறோம், நோட்டில் எழுதுகிறோம், கூடினால் எம்.ஓ.விடம் (மருத்துவ அலுவலர்) அனுப்புகிறோம். கொழுப்பு மட்டும் பிடிபடவில்லை. லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) வருடத்துக்கு ஒரு தடவை வருகிறது. டாக்டர் மாத்திரை எழுதுகிறார், நாம் "எண்ணெயைக் குறைங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். அடுத்த மாதம் வருபவரிடம் கேட்டால், "அது நார்மல் ஆயிடுச்சுன்னு விட்டுட்டேன்" என்கிறார். இன்னொருவர் "கால் வலிக்குது, கொழுப்பு மாத்திரையாலதான்" என்கிறார்.

ஒரு ஓ.பி. நாளில் ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். ரிப்போர்ட்டில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? மாத்திரையை விட்டவரிடம் எப்படிப் பேச வேண்டும்? தேங்காய், முட்டை, ரேஷன் பாமாயில் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? எதை டாக்டரிடம் உடனே கொண்டுபோக வேண்டும்? டோஸை மாற்றுவது நம் வேலை இல்லை என்று தெரியும். அதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்.

---

பதில் 1: என்சிடி_சீனியர்

சிஸ்டர், ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடத்தை மாத்திரைக்கு வையுங்கள். சாப்பாட்டைப் பற்றி ஆளாளுக்குச் சொல்வார்கள். மாத்திரை உள்ளே போகிறதா என்று பார்க்க நம்மைத் தவிர யாரும் இல்லை. கொழுப்பு வலிக்காது, மயக்கம் தராது, அடிக்கடி ஒன்றுக்குப் போக வைக்காது. மாத்திரை போட்டாலும் ஒன்றும் தெரியாது, விட்டாலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் பி.பி. மாத்திரையை விடாதவர்கூட இதை விட்டுவிடுகிறார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்கவே வேண்டாம். அதற்கு "ஆமாங்க சிஸ்டர்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: "எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு நாள் விட்டுப்போகும். போன வாரத்துல உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?" விட்டது தப்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் உண்மை வரும். அடுத்து அட்டையை வாங்கிப் பாருங்கள். 30 நாளுக்கு 30 மாத்திரை கொடுத்திருந்தால், 28ஆம் நாள் வருபவரிடம் 2 இருக்க வேண்டும். 12 இருந்தால் திட்ட வேண்டாம். எந்த நேரம் போடுகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் "ராத்திரி சாப்பிட்டதும்" என்பார். நூறு நாள் வேலைக்கோ வயலுக்கோ போய் வந்து அசந்து தூங்குகிறவருக்கு ராத்திரி மாத்திரை விட்டுத்தான் போகும். ஸ்டேட்டின் என்ற கொழுப்பு மாத்திரை வகையில் அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டையும் எந்த நேரத்திலும் போடலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காலை பி.பி. மாத்திரையோடு சேர்த்துவிடுங்கள். இரவில் போட வேண்டும் என்ற கட்டாயம் சிம்வாஸ்டாட்டின் போன்ற, உடலில் சீக்கிரம் தீர்ந்துபோகும் மாத்திரைகளுக்குத்தான்.

நார்மல் ஆனதும் விட்டவருக்கு ஒரே விளக்கம் போதும்: "இந்த நார்மல் உங்க உடம்போடது இல்ல, மாத்திரையோடது. நிறுத்தினா சில வாரத்துல பழைய அளவுக்கே திரும்பிடும்." கண்ணாடி போட்டுத் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக யாரும் கண்ணாடியைத் தூக்கிப் போடுவதில்லை என்று சொன்னால் கிராமத்துப் பெரியவர்களுக்குச் சட்டென்று புரிகிறது.

இன்னொரு வகை நோயாளி உண்டு. "எனக்குக் கொழுப்பே இல்லையே, ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்திரை?" என்பார். சர்க்கரை நோய் இருந்து 40 வயதைத் தாண்டியவருக்கு எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) பெரிதாகக் கூடாமல் இருந்தாலும் ஸ்டேட்டின் கொடுப்பார்கள். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவருக்கும் அப்படித்தான். அவரிடம் "கொழுப்பு மாத்திரை" என்று சொல்வதே குழப்பத்தின் மூலம். "ரத்தக்குழாய் அடைக்காம இருக்கிற மாத்திரை" என்று பெயரை மாற்றிச் சொல்லுங்கள், பாதிச் சண்டை தீரும்.

மாத்திரை வேலை செய்கிறதா என்று கணக்குப் போடத் தெரிந்துகொள்ளுங்கள். அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எல்டிஎல்லை ஏறத்தாழ 35 முதல் 39 சதவீதம் இறக்கும். 20 மி.கி. சுமார் 43, 40 மி.கி. ஏறத்தாழ 50 சதவீதம். டோஸை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம்தான். ஆரம்பத்தில் எல்டிஎல் 150 இருந்தவர் 10 மி.கி. போட்டால் 95 பக்கத்தில் வர வேண்டும். ஆறு வாரம் கழித்து 145 என்று வந்தால் அது டோஸ் போதாத கதை இல்லை. பெரும்பாலும் மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை. இதை நீங்கள் கண்டுபிடித்து எம்.ஓ.விடம் சொல்லாவிட்டால் அவர் 20 ஆக்குவார், அடுத்து 40 ஆக்குவார், நோயாளி மூன்றையும் அலமாரியில் வைத்திருப்பார்.

அந்த ஆறு வாரத்தை நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மாத்திரை தொடங்கியோ டோஸ் மாறியோ 4 முதல் 12 வாரத்துக்குள் மறு லிப்பிட் பார்க்க வேண்டும். பிறகு நிலையான பின் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை போதும். "வருடத்துக்கு ஒரு தடவை" என்று எல்லோரையும் ஒரே கட்டில் போடும்போது, தொடங்கிய முதல் மாதத்திலேயே மாத்திரையை விட்டவர் பதினோரு மாதம் யாருக்கும் தெரியாமல் இருந்துவிடுகிறார்.

கடைசியாக, பெரிய ஆஸ்பத்திரியில் மாரடைப்புக்குச் சிகிச்சை முடிந்து வருகிறவரின் டிஸ்சார்ஜ் சம்மரியை நீங்களே ஒரு தடவை படியுங்கள். அங்கே அடோர்வாஸ்டாட்டின் 80 என்று எழுதியிருக்கும். நம்மிடம் கையிருப்பில் 10 மி.கி. மட்டும் இருந்தால், அவசரத்தில் "அதே மாத்திரைதான்" என்று தினம் ஒன்று கொடுத்து அனுப்பிவிடுவது நடக்கிறது. எட்டில் ஒரு பங்கு மருந்து. மாத்திரையின் பெயர் மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். டாக்டர் 40 என்று எழுதி, நாம் 10 மி.கி. நாலு கொடுக்கிறோம் என்றால், "ஒரே நேரத்துல நாலையும் போடுங்க, நாலும் சேர்ந்துதான் ஒரு மாத்திரை" என்று சொல்லி அனுப்ப வேண்டும். நாலைப் பார்த்ததும் பயந்து ஒன்றாகக் குறைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்ததிலிருந்து பலருக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. அது நல்லதுதான், ஆனால் அட்டையை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு நம் மேசையிலிருந்து அந்த வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டது. உங்கள் பகுதித் தன்னார்வலரிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லி வையுங்கள். புது அட்டை கொடுக்கும்முன் பழைய அட்டையில் மீதியை எண்ணச் சொல்லுங்கள். பி.பி., சுகர் மாத்திரையோடு கொழுப்பு மாத்திரையும் பையில் இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள்.

---

பதில் 2: ஆய்வக_மேசை

ரிப்போர்ட் பற்றிக் கேட்டதால் ஆய்வகப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதலில் கண் போக வேண்டியது மொத்தக் கொழுப்புக்கு இல்லை, எல்டிஎல்லுக்கும் ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்புக்கும்.

பல இடங்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்லையும் (நல்ல கொழுப்பு), ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்டிஎல். மொத்தம் 236, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 240 என்றால், 236-இல் 38-ம் 48-ம் போக 150 மி.கி./டெ.லி. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது எல்டிஎல் என்று ஓர் எண் அச்சாகியிருந்தாலும் அதை நம்ப வேண்டாம், நேரடி எல்டிஎல் கேளுங்கள். அதற்கு வழி இல்லையென்றால் மொத்தக் கொழுப்பில் எச்டிஎல்லைக் கழித்து நான்-எச்டிஎல்லைப் பாருங்கள். மேலே சொன்னவருக்கு அது 198. சர்க்கரை நோயாளிகளுக்கு ட்ரைகிளிசரைடு பெரும்பாலும் கூடி இருக்கும் என்பதால் இந்த ஒரு கழித்தல் கணக்கு நல்ல துணை. சாப்பிட்டிருந்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது.

இலக்கு ஆளுக்கு ஆள் மாறும். இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் சொன்னபடி, அபாயம் குறைந்தவருக்கு எல்டிஎல் 100-க்குக் கீழே, அபாயம் அதிகமானவருக்கு 70-க்குக் கீழே, மாரடைப்பு வந்தவர் போல மிக அதிக அபாயம் உள்ளவருக்கு 55-க்குக் கீழே. ஆய்வகச் சீட்டின் ஓரத்தில் "நார்மல்: 130 வரை" என்று ஒரே எண் எல்லோருக்கும் அச்சாகியிருக்கும். ஸ்டென்ட் வைத்தவர் 118 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு நார்மல் என்று நினைத்துப் போவது அதனால்தான். அந்தச் சீட்டில் அவருக்கான இலக்கைப் பேனாவால் எழுதி வட்டம் போட்டுக் கொடுங்கள்.

ரத்தம் எடுப்பது நீங்களாக இருந்தால் சில விஷயம். நோயாளி ஐந்து நிமிடமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் இறுக்கிக் கட்டும் பட்டை (டூர்னிக்கே) ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டியிருந்தால் ரத்தம் அந்த இடத்தில் செறிந்து கொழுப்பின் அளவு பொய்யாகக் கூடும். நரம்பு தேடி நேரமானால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். வெறும் வயிறு வழக்கமான பரிசோதனைக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் சாப்பிட்டு எடுத்ததில் ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் வந்தால் 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இன்னொரு முறை எடுக்க வேண்டும். வெறும் வயிறு என்றால் தண்ணீரும் குடிக்கக்கூடாது என்று நினைத்து, காலை பி.பி. மாத்திரையையும் விட்டுவிட்டு மயங்கி விழுகிறார்கள். தண்ணீர் குடிக்கலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள்.

கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு ஆகியவற்றுக்குப் பிறகு சில வாரங்கள் எல்டிஎல் இயல்பைவிடக் குறைவாகக் காட்டும். கர்ப்பத்தில் கூடுதலாகக் காட்டும். டெங்கு வந்து தேறிய வாரத்தில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

திடீரென்று கூடிய கொழுப்புக்கு டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை) பார்த்தார்களா என்று ஒரு கேள்வி எழுப்புங்கள். தைராய்டு குறைந்தவருக்கு எல்டிஎல் ஏறும், தைராக்ஸின் கொடுத்தாலே இறங்கும். நடுத்தர வயதுப் பெண்களில் இது அடிக்கடி கவனிக்காமல் விடப்படுகிறது.

---

பதில் 3: உணவியல்_ஆலோசகர்

"எண்ணெயைக் குறைங்க" என்றால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் "நாங்க கொஞ்சம்தான் ஊத்துறோம்" என்பார்கள். அளவைக் கேட்காதீர்கள், வாங்குவதைக் கேளுங்கள்: "வீட்டுல எத்தனை பேர் சாப்பிடுறீங்க? மாசத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குறீங்க?" ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது நல்ல அளவு. நாளுக்கு மூன்று டீஸ்பூனுக்குச் சற்று மேல். நாலு பேர் வீட்டுக்கு 2 லிட்டர். 5 லிட்டர் கேன் ஒரே மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மி.லி.க்கு மேல் போகிறது என்று அர்த்தம். ஒன்றாம் தேதியே மாதத்துக்கான எண்ணெயைத் தனி பாட்டிலில் ஊற்றி வைத்து, அது தீர்ந்தால் அடுத்த மாதம்தான் என்று வைத்துக்கொண்டால், அளவு தானாகக் குறையும். சமைப்பவரிடம் இதைச் சொல்ல வேண்டும். ஆண் நோயாளி தனியாக வந்தால் "அடுத்த தடவை வீட்டுல சமைக்கிறவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லுங்கள்.

ரேஷன் பாமாயில் விஷயத்தில் கவனம் வேண்டும். அதில் கொழுப்பில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெய், நல்லெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஆனால் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைப்பதை "தொடாதீங்க" என்று சொன்னால் அந்த வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கும் நிலையிலும் இல்லை. அதைத் தாளிக்க மட்டும் வைத்துக்கொண்டு, பொரிப்பதை வாரம் ஒருநாள் என்று நிறுத்தி, முடிந்தபோது அரை லிட்டர் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சேர்க்கச் சொல்லுங்கள். பொரித்த எண்ணெயை ஆறவைத்து எடுத்து மறுபடி மறுபடி சூடாக்குவதுதான் இன்னும் மோசம். பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பவர்களிடம், எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். பிரச்சினை அதில் இல்லை.

தேங்காயும் அப்படித்தான். "தேங்காயில கொலஸ்ட்ராலே இல்லைன்னு டிவியில சொன்னாங்க" என்பது உண்மைதான். ஆனால் 100 கிராம் தேங்காயில் சுமார் 30 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது, அதுதான் ஈரல் எல்டிஎல்லை இழுத்து எடுப்பதைக் குறைத்து ரத்தத்தில் அதை ஏற்றுகிறது. 1800 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு, எல்டிஎல் கூடியிருந்தால், நிறைவுற்ற கொழுப்பு ஒரு நாளுக்கு 14 கிராமுக்குள் இருக்க வேண்டும். 50 கிராம் தேங்காயிலேயே அது தீர்ந்துவிட்டது. காலையில் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி, மதியம் கூட்டில் அரைத்துவிட்டது, பொரியலில் துருவல், சாயங்காலம் தேங்காய்ப் பால் ஆப்பம் என்றால் கணக்கு எங்கேயோ போகிறது. "விடுங்க" என்று சொல்ல வேண்டாம். சட்னியைப் பொட்டுக்கடலை, தக்காளி, புதினா என்று மாற்றி, பொரியலில் மட்டும் ஒரு ஸ்பூன் துருவல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் செய்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தேங்காயெண்ணெயிலேயே சமைக்கும் வீடுகளில் முதலில் எண்ணெயில் கை வையுங்கள், தேங்காய் அப்புறம்.

பால்: ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீல பாக்கெட்டில் 3. தினம் அரை லிட்டர் குடிப்பவர் பாக்கெட்டின் நிறத்தை மாற்றினாலே 15 கிராம் கொழுப்பு குறைகிறது. ஒரே வார்த்தையில் முடியும் ஆலோசனை இது.

முட்டையில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஒரு மஞ்சள் கருவில் 200 மி.கி.க்குச் சற்றுக் குறைவாகக் கொலஸ்ட்ரால் இருக்கிறது, ஆனால் ரத்தத்தில் எல்டிஎல்லை ஏற்றுவதில் அதைவிட நெய், பாமாயில், தேங்காய், ஆட்டுக் கொழுப்பு இவற்றின் பங்குதான் பெரிது. முட்டையை நிறுத்திவிட்டு வடையைத் தொடர்கிறவர்தான் அதிகம்.

ட்ரைகிளிசரைடு மட்டும் கூடியவருக்கு எண்ணெயைப் பற்றி மட்டும் பேசுவது வீண். அங்கே முக்கியக் குற்றவாளி சோறு, சர்க்கரை, மது. மூன்று வேளையும் சோறா, டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, ஒரு நாளைக்கு எத்தனை டீ, வாரத்துக்கு எத்தனை நாள் குடி என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை மனைவி, பிள்ளைகள் முன்னால் கேட்காதீர்கள். 500-க்கு மேல் இருந்தால் அன்றே எம்.ஓ.விடம் காட்டுங்கள். 1000-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயம் நிஜமானது. மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி, முதுகுக்குப் பரவுவது, வாந்தி என்றால் காத்திருக்காமல் வரச் சொல்ல வேண்டும்.

சேர்க்க வேண்டியது கரையும் நார்ச்சத்து. அவரை, பீன்ஸ், வெண்டை, வெந்தயம், பார்லிக் கஞ்சி, ஓட்ஸ். இசப்கோல் எடுக்கிறவர் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நோயாளியிடம் உண்மையான அளவைச் சொல்லிவிடுங்கள். நார்ச்சத்து எல்டிஎல்லை 5 சதவீதம் அளவில் குறைக்கும், மொத்தச் சாப்பாட்டையும் ஒழுங்காக மாற்றினால் 10, 15 சதவீதம் கிடைக்கலாம். "வெந்தயம் ஊறவெச்சுச் சாப்பிடுறேன், மாத்திரை வேண்டாம்" என்பவருக்கு இந்த எண்தான் பதில்.

---

பதில் 4: மருந்தாளுநர்_க்ரீன்க்ராஸ்

கால் வலி பற்றி. "அது மாத்திரையால இல்ல" என்று ஒரே அடியாக மறுத்தால் அவர் நம்மிடம் சொல்லாமலேயே நிறுத்திவிடுவார். "சரி, நிறுத்துங்க" என்றால் மாரடைப்புக்கு வழிவிடுகிறோம். நடுவே கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

இரண்டு காலிலுமா, ஒரு காலிலா? ஸ்டேட்டின் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, இடுப்பு, கெண்டைக்கால் தசைகளில் வரும். முட்டியிலும் குதிகாலிலும் வந்தால் அது வேறு. பாதத்தில் எரிச்சல், மரப்பு என்றால் சர்க்கரையின் நரம்புப் பாதிப்பு. எப்போது தொடங்கியது? மாத்திரை தொடங்கியோ டோஸ் கூட்டியோ முதல் நாலு, ஆறு வாரத்துக்குள் வந்தால் சந்தேகிக்கலாம், மூன்று வருடமாகப் போட்டு இப்போது வந்தால் வேறு காரணம் தேடுங்கள். சமீபத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போனாரா? அறுவடையா? சிக்குன்குனியா வந்ததா? புதிதாக வேறு மருந்து சேர்ந்ததா?

இங்கிலாந்தில் 2020-இல் சாம்சன் என்ற ஆய்வு வந்தது. பக்கவிளைவால் ஸ்டேட்டினை விட்ட 60 பேருக்குச் சில மாதம் ஸ்டேட்டின், சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாதம் ஒன்றும் இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டேட்டினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. இதை வைத்து "எல்லாம் உங்க மனசு" என்று சொல்லக் கூடாது. வலி நிஜம், அதற்குக் காரணம் எப்போதும் மருந்து இல்லை, அவ்வளவுதான். டாக்டர் இரண்டு, நாலு வாரம் நிறுத்திப் பார்த்து, குறைந்த டோஸிலோ வேறு ஸ்டேட்டினிலோ மறுபடி தொடங்குவார். பெரும்பாலோர் ஏதாவது ஒன்றைத் தாங்கிக்கொள்கிறார்கள். நிறுத்திப் பார்க்கும் நாளையும் மறுபடி தொடங்கும் நாளையும் நோட்டில் எழுதி வைக்காததால்தான் "ரெண்டு வாரம்" என்பது ரெண்டு வருடமாகிறது.

சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனாலோ, உட்கார்ந்து எழ முடியாத அளவுக்குத் தசை பலவீனம் வந்தாலோ, மாத்திரையை அன்றே நிறுத்தச் சொல்லி, டாக்டரிடம் அனுப்புங்கள். சிகே (தசைப் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) பார்க்க வேண்டும். இது அரிது, ஆனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் என்பதால் தள்ளிப்போட முடியாது. வலி இல்லாதவருக்கு சிகே பார்க்கத் தேவையே இல்லை. ஈரல் பரிசோதனையும் அப்படித்தான். தொடங்கும்முன் ஒரு தடவை, பிறகு மஞ்சள் காமாலை அறிகுறி இருந்தால் மட்டும். எஸ்ஜிபிடி என்ற ஈரல் அளவு இயல்பின் மூன்று மடங்குக்குள் லேசாகக் கூடினால் டாக்டர் வழக்கமாகத் தொடரச் சொல்வார்.

வேறு மருந்து என்று கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நெஞ்சுச் சளிக்குக் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்கு இட்ராகோனசோல். இரண்டும் ஈரல் அடோர்வாஸ்டாட்டினையும் சிம்வாஸ்டாட்டினையும் கரைப்பதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றும். தமிழ்நாட்டில் படர்தாமரைக்கு இட்ராகோனசோல் வாரக்கணக்கில் வாங்கிப் போடுகிறார்கள், கொழுப்பு மாத்திரையோடு அது மோதும் என்று கடையில் யாரும் சொல்வதில்லை. சிம்வாஸ்டாட்டினோடு பி.பி. மாத்திரை அம்லோடிபின் போடுபவருக்கு, சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.தான் உச்சம். ரோசுவாஸ்டாட்டின் போடுபவர் அலுமினியம், மெக்னீசியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்தைக் குடித்தால் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

இரண்டு தடவை ஸ்டேட்டின் போடுபவர்களையும் பிடியுங்கள். தனியார் டாக்டர் எழுதிய ரோசுவாஸ்டாட்டின் காலையில், நம்முடைய அடோர்வாஸ்டாட்டின் ராத்திரியில். அதைவிட மறைவானது ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ரோசுவாஸ்டாட்டின் மூன்றும் ஒரே கேப்ஸ்யூலில் வருவது. நோயாளி அதை "ரத்தம் உறையாம இருக்க" என்று மட்டும் சொல்வார். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்லி, அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். இணையத்தில் வாங்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்ஸ்யூலில் இருப்பதும் இயற்கையில் உண்டாகும் லோவாஸ்டாட்டின்தான்.

குழந்தை பெறும் வயதுப் பெண்களிடம் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்காமல் ஸ்டேட்டினைத் தொடர விடாதீர்கள். கர்ப்பம் என்றால் அன்றே எம்.ஓ.விடம் தெரிவியுங்கள், வழக்கமாக நிறுத்துவார்கள். பாலூட்டும் காலத்திலும் கொடுப்பதில்லை.

---

கேட்டவர்: புதுப்பிரிவு

எல்லோருக்கும் நன்றி. அட்டையை எண்ணுவதும், எண்ணெய் எத்தனை லிட்டர் என்று கேட்பதும் நாளை முதலே செய்ய முடியும். இன்னும் ஒன்று. 34 வயது ஆண், சுகர் இல்லை, ஒல்லியான உடல், புகை, மது இல்லை. எல்டிஎல் 228. டிஎஸ்எச் இயல்பு. அப்பா 48 வயதில் திடீரென்று இறந்தார். இவரையும் "எண்ணெயைக் குறைங்க" பட்டியலில் சேர்க்கலாமா?

---

பதில் 5: இதயப்பிரிவு_செவிலியர்

சேர்க்க வேண்டாம் சிஸ்டர். எல்டிஎல் 190-க்கு மேல், ஒல்லியான இளைஞர், அப்பா 55 வயதுக்குள் போயிருக்கிறார். இது பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கலாம். ஈரல் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்து எடுக்கும் ஏற்பி பிறப்பிலேயே பழுது. எண்ணெயை முழுக்க நிறுத்தினாலும் 228 என்பது 200 பக்கம்தான் வரும். அவரைக் குற்றவாளியாக்கி அனுப்பினால் திரும்ப வரமாட்டார்.

குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரை இரண்டு விரலால் பிடித்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இயல்பாக அது கயிறு போல வழவழப்பாக இருக்கும். இந்த நோயில் தடித்து, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். விரல் முட்டிகளின் மேல் ஓடும் தசைநார்களையும் தடவிப் பாருங்கள். கண் இமையில் மஞ்சள் திட்டு, 45 வயதுக்குள் கருவிழி ஓரத்தில் வெள்ளை வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. எம்.ஓ. வழியாக மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதயப் பிரிவுக்கு அனுப்புங்கள். அதிக அளவு ஸ்டேட்டின், பெரும்பாலும் கூடவே எசெட்டிமிப் என்ற வேறு வகைக் கொழுப்பு மாத்திரை 10 மி.கி. தேவைப்படும்.

அதற்கடுத்த வேலை முழுக்க உங்களுடையது. ஒரு வெள்ளைத்தாளில் குடும்ப மரம் வரையுங்கள். நடுவில் இவர், மேலே அப்பா, அம்மா, பக்கத்தில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, கீழே பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட், திடீர் மரணம் எந்த வயதில் என்று எழுதுங்கள். உடன்பிறந்தவர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. பரிசோதிக்க வேண்டியவர்கள் இவரைப் போல ஆரோக்கியமாகத் தெரிகிறவர்கள், அவர்கள் யாரும் தாமாக ஓ.பி.க்கு வரமாட்டார்கள். தேதி சொல்லிக் கூப்பிட வேண்டும்.

"மனைவி சொந்தமா?" என்று கட்டாயம் கேளுங்கள். மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகள் என்று நம் பக்கம் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்வது சாதாரணம். இருவரிடமும் அதே பழுது இருந்தால் நாலில் ஒரு குழந்தைக்கு இரட்டைப் பங்காக வரலாம். அந்தக் குழந்தைக்கு எல்டிஎல் 400-க்கு மேல் போகும், பத்து வயதிலேயே முழங்கை, முழங்கால், பிட்டம், விரல் இடுக்குகளில் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். அதை மரு என்று நினைத்துத் தோல் மருத்துவரிடம் போய்க்கொண்டிருப்பார்கள். இளம் வயதிலேயே மாரடைப்பு வரக்கூடிய குழந்தை அது. பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிள்ளைகளுக்கு 5 வயது முதல் பார்க்கலாம். இருவருக்கும் சந்தேகம் இருந்தால் வயதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இவருக்குத் தம்பி இருக்கிறாரா, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டு இங்கே எழுதுங்கள். யாரை முதலில் கூப்பிடுவது என்று பார்க்கலாம்.

---

கேட்டவர்: புதுப்பிரிவு

தங்கை 29 வயது, இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். பிள்ளைகள் இருவர், 7 வயதும் 3 வயதும். மனைவி அத்தை மகள்.

---

பதில் 6: இதயப்பிரிவு_செவிலியர்

அப்படியானால் முதலில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், ஒரே நாளில். அத்தை இவருடைய அப்பாவின் உடன்பிறப்புதானே, அப்பாவிடம் இருந்தது அத்தை வழியாக மனைவிக்கும் வந்திருக்கலாம். பிள்ளைகளின் முழங்கை, முழங்காலை அன்றே பாருங்கள். அத்தைக்கும் அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் அடுத்த வாரம் தேதி கொடுங்கள்.

தங்கைக்குக் கர்ப்பத்தில் கொழுப்பு இயல்பாகவே கூடும், இப்போது எடுக்கும் எண்ணை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் அப்பா, அண்ணன் விவரத்தை அவருடைய கர்ப்பகால அட்டையில் சிவப்பு மையில் எழுதி, பகுதிச் செவிலியரிடமும் பிரசவம் பார்க்கும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். மார்வலி, மூச்சுத்திணறல் என்று வந்தால் "மாசமா இருக்கிறதால" என்று விட்டுவிடக் கூடாது. லிப்பிட்டைப் பிரசவமாகி மூன்று மாதம் கழித்து எடுக்கலாம். குழந்தைக்கு மூன்றரை மாதத்தில் போடும் தடுப்பூசிக்கு எப்படியும் வருவார், அன்று அம்மாவிடமும் ரத்தம் எடுக்கும்படி தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.